உப்புமூட்டைப் பெட்டியும் ஒரு சாலுவும்

பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டிருக்கும் மனிதனைப் பார்த்தால், விஷயம் தெரிந்தவன் என்று தோன்றும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பாகலூர்ப் பக்கத்து லேஅவுட் சாலையில், நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. முகத்தை மறைக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

எஞ்சின் சூட்டில் மூக்குக்கண்ணாடியின் சட்டம் காதைச் சுட்டது. சாலையோரம் முட்டைக்கோஸ் வயல். தீய்ந்த ரப்பர் வாசனையும் பச்சைக் கோஸ் வாசனையும் கலந்து, ஹாஸ்டல் பொரியல் மாதிரி மணத்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. கார் ஓடாமல் இல்லை. ஓடியது. ஆனால் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும், கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக் கார் போகிற வேகம்தான்.

பின்னால் ஒரு மொபெட் வந்து நின்ற சத்தம்.

"யாரு... நம்ம சாருங்களா?"

தெரிந்த குரல். இரண்டு நாளைக்கு முன்புதான், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் வேலை போகிற மாதிரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன்.

பயம் வராத இடம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, பல் டாக்டரிடமிருந்து வாயில் பஞ்சோடு ஓடி வந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் பயப்படாத விஷயம் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்டு, அம்மா. பயப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பயம் வராது. அது ஒரு பத்து நிமிடம் தாமதமாக, சேர்த்து வைத்து வரும்.

இந்தக் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ வைத்த சின்ன பெட்ரோல் கார். என் மனைவி சுமதியின் பெயரில் இருப்பது. கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஓசூருக்குத் திரும்பும்போது, மேலுமலை ஏற்றத்தில் ஒரு மினி லாரி எங்களை முந்தியது. சும்மா லாரி அல்ல. மாங்கூழ் ஃபேக்டரி வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிய மாங்காய் ஏற்றிய லாரி. தார்ப்பாய் விலகிய இடத்தில் அழுகின மாங்காய்கள் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே மேலே போயின.

சுமதி லாரி மறையும் வரை அதையே பார்த்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்.

"நான் வேணா எறங்கி நடந்து வரட்டுங்களா? கொஞ்சம் லேசா இருக்கும்."

அந்த வாரமே வெங்கடப்பாவைத் தேடிப் போனேன்.

வெங்கடப்பாவின் தத்துவம்

வெங்கடப்பாவுக்கு என் வயதுதான் இருக்கும். முன்பு டி.வி. ரிப்பேர் செய்தார். பிறகு இன்வெர்ட்டர். இப்போது கார் ட்யூனிங். கடைப் பலகையில் மூன்றும் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியதால் தூரத்திலிருந்து பார்த்தால் எதையும் படிக்க முடியாது. வீட்டில் தெலுங்கு. எங்களிடம் தமிழ். எல்லைக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்களிடம் கன்னடம்.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுக்குப் பேரு பிக்கிபேக்கு சார். உங்க காருல ஒரு கம்ப்யூட்டரு இருக்குது இல்லீங்களா, அத நாம தொடவே மாட்டம். இது அது முதுகுல ஏறி ஒக்காந்துக்கும்."

"ஒக்காந்து?"

"டர்போவுல காத்து எவ்ளோ அழுத்தமா வருதுன்னு சென்சாரு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நம்ம பெட்டி நடுவுல பூந்து, அந்தக் கணக்கக் கொஞ்சம் கொறச்சுச் சொல்லும். கம்ப்யூட்டரு, 'அடடா, காத்து பத்தலயே'ன்னு இன்னும் ஊதும். வண்டி பறக்கும்."

"அதாவது, பொய் சொல்லும்."

"பொய்யின்னு சொல்லாதீங்க சார். ட்யூனிங்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இது நான் செய்தே பார்த்த வேலை. சின்ன வயதில் பாரூரில் பெரியப்பா மகன் சண்முகத்தின் முதுகில் உப்புமூட்டை ஏறுவேன். ஏறியதும் இரண்டு கையாலும் அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு, நான் சொல்கிற வழியில் அவன் நடக்க வேண்டும் என்பது விளையாட்டு. "வாய்க்கா இன்னும் வரல, நட, நட" என்று சொல்லி, அவனை நேராக வாய்க்காலுக்குள் இறக்கினேன். அவனோடு நானும் விழுந்தேன் என்பதை அப்போதும் நான் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எப்ப மாட்டலாம்?" என்று கேட்டேன்.

ஒரு ரெசிஸ்டரின் குற்றம்

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஓசூர்த் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான ரப்பர் புஷ் அடிக்கிற ஒரு கம்பெனியில் நான் தயாரிப்பு மேனேஜர். ஒழுங்கு, கட்டுப்பாடு, பாதுகாப்பு எல்லாம் என் துறை. சுவரில் அதற்கு மூன்று பலகைகள் இருக்கின்றன. மூன்றுமே நான் எழுதியவை.

அந்த மொபெட் குரலுக்குச் சொந்தக்காரரின் பெயர் முனிரத்தினம். தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, மாமனார் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், மெஷினிடம் கெட்ட வார்த்தை. பதினாறு வருஷமாக, ரப்பரை அழுத்தி வார்க்கிற நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர்.

அந்தப் பிரஸ்ஸில் ஆயில் சூடேறினால் சென்சார் சொல்லும். மெஷின் தானாக நின்று சிவப்பு விளக்கு எரியும். அந்த வாரம் ஒரு நாளும் சிவப்பு விளக்கு எரியவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து பார்த்தால், சென்சார் ஒயரில் அரிசி அளவு ஒரு ரெசிஸ்டரைச் சொருகி வைத்திருக்கிறார். ஆயில் எவ்வளவு கொதித்தாலும் மெஷினுக்கு அது மார்கழிக் காலையாகவே தெரியும்.

எனக்குக் கை பரபரத்தது. அந்த ரெசிஸ்டரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாள் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, குற்றச்சாட்டு எழுத உட்கார்ந்தேன். தொழிலாளிக்குப் புரிய வேண்டும் என்பதால் தமிழில். அதில் ஒரு வாக்கியம் இப்போதும் மனப்பாடம்:

"உணர்கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையே அன்னியப் பொருளைப் புகுத்தி, இயந்திரத்துக்குத் தெரிந்தே பொய்த் தகவல் அளித்து, அதன் வரம்பை மீறி ஓட்டியுள்ளார்."

எழுதி முடித்து, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ரசித்தேன். வேலைநீக்கம் வரை போகக்கூடிய குற்றம். செவ்வாய்க்கிழமை விசாரணை. நான் எழுதியது வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காரின் உணர்கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே அன்னியப் பொருளைப் புகுத்த வெங்கடப்பா வந்தார். கண்ணாடியில் என் முகம் எனக்கு வழக்கம் போலத்தான் தெரிந்தது.

சாலு

வீடு வரும் வீடு வரும் என்று விற்று, சாலை மட்டும் வந்த லேஅவுட் அது. நேராக, அகலமாக, யாருமே இல்லாத தார். வெங்கடப்பா பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது.

"மூணாவது கியருல மெதுவாப் போங்க. நான் சொன்னதும் முழுசா மிதிங்க. நான் கணக்கப் பாத்துக்கினே வருவன். போதும்னு சொன்னதும் டக்குனு கால எடுத்துருங்க."

முதல் ஓட்டம் அருமை. கார் தும்மாமல் போனது. "போதும்" என்றார், எடுத்தேன். இரண்டாவது ஓட்டத்துக்குப் பெட்டியில் இன்னும் கொஞ்சம் பொய் ஏற்றினார். முதுகு சீட்டில் ஒட்டியது. மாங்காய் லாரியை மனதுக்குள் இரண்டு முறை முந்தினேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க வெங்கடப்பா."

"சார், இதுவே எல்லைய எட்டுது."

"எட்டத்தான செய்யுது, தாண்டலயே. ஏத்துங்க."

மூன்றாவது ஓட்டம். மிதித்தேன். டர்போ விசிலடித்தது. வேலிக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சுவராகின. வெங்கடப்பா லேப்டாப்பைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். மனிதர் பதறினால் வீட்டு மொழிக்குப் போய்விடுவார் போலிருக்கிறது.

"சாலு! சாலு!"

இந்த ஒரு சொல்லைப் பற்றி ஓசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தெலுங்கில் சாலு என்றால் 'போதும்'. கன்னடத்திலும் இந்தியிலும் சாலு என்றால் 'ஓடட்டும்'. கன்னடச் சாலுவுக்கு வால் கொஞ்சம் நீளம் என்பார்கள். அந்த விசில் சத்தத்தில் வாலை யார் அளந்தார்கள்?

எங்கள் கம்பெனியில் இருபது வருஷமாக, மெஷினை ஓட்டு என்பதற்கு எல்லா மொழிக்காரர்களும் சொல்வது "சாலு". ஆகவே மிதித்தேன்.

"சாலு சார்! சாலு, சாலு!"

எவ்வளவு உற்சாகப்படுத்துகிறார் பாருங்கள் என்று நெகிழ்ந்து, இன்னும் மிதித்தேன்.

"ஐயோ, சாலண்டீ!" என்று அலறி அவர் என் தொடையில் குத்திய அதே நேரத்தில், யாரோ காரின் கழுத்தைப் பிடித்த மாதிரி வேகம் செத்தது. மஞ்சள் விளக்கு வந்தது. முதுகில் இருந்தவன் பொய் சொல்கிறான் என்று கம்ப்யூட்டர் எப்படியோ கண்டுபிடித்து, 'இனி என்னால் முடிந்தது இவ்வளவுதான்' என்று படுத்துக்கொண்டது.

எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஹோட்டலில் இரண்டாவது கரண்டி சாம்பார் ஊற்ற வந்தால், "சாலு, சாலு" என்று இலையை மறைக்கிறவன்தான் நான்.

மூன்று நிமிட வேலை

லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வெங்கடப்பா ஒரு எல்லைக்கல் மேல் உட்கார்ந்து, "நான் என்னா சொன்னன், நீங்க என்னா செஞ்சீங்க" என்று கோஸ் வயலிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் மொபெட் வந்தது. பக்கத்தில் முனிரத்தினத்தின் மாமனார் வயலாம். தண்ணீர் கட்ட வந்திருக்கிறார்.

"சார், வண்டி என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல முனிரத்தினம். சும்மா... காத்து வாங்க."

"பானெட்டுக்குள்ளயா?"

தலையை எடுத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். பதினாறு வருஷம் பிரஸ்ஸோடு சண்டை போட்ட கண். சென்சாரிலிருந்து போகும் ஒயரைப் பின்தொடர்ந்து, நடுவில் நைலான் பட்டை போட்டுக் கட்டியிருந்த கறுப்புப் பெட்டியில் வந்து நின்றது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றது.

பிறகு என்னைப் பார்த்தார். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

"அன்னியப் பொருளுங்களா சார்?"

என் வாக்கியத்தை அவரும் மனப்பாடம் செய்திருந்தார்.

வெங்கடப்பாவிடம் தெலுங்கில் நாலு வார்த்தை கேட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். பெட்டியைப் பிடுங்கினார். சென்சாரின் பழைய பிளக்கை அதன் இடத்தில் 'டக்' என்று சொருகினார். மீண்டும் பேட்டரி. "இப்ப போடுங்க." கார் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பியது. மஞ்சள் விளக்கு இல்லை.

கைலியில் துடைத்துப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா வெச்சிக்கங்க சார். என்னுது ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கீங்க இல்ல, அதுக்குப் பக்கத்துல வெச்சா தொணையா இருக்கும்."

தாமதமாக வந்த பயம்

பத்து நிமிடம் கழித்துப் பயம் வந்தது. முழு உருவத்தோடு.

செவ்வாய்க்கிழமை அவர் விசாரணையில் சொல்வார். ஒரே ஒரு வரி போதும். கம்பெனி முழுக்கச் சிரிக்கும். மூன்று பலகையிலும் யாராவது கரியால் மீசை வரைவார்கள். திங்கட்கிழமை நான் சர்க்கரையை ரசத்தில் போட்டுக்கொண்டேன். உப்பைக் காபியில் போட்டேன். லீவு கேட்கலாமா என்று யோசித்து, என்ன காய்ச்சல் என்று சொல்வது எனப் பட்டியல் போட்டேன்.

சுமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். காபியைக் கீழே கொட்டிவிட்டு வேறு கலந்தபடியே கேட்டாள்:

"அவரு சொல்லிருவாருன்னு பயமா, இல்ல, சொல்லாம இருந்துருவாருன்னு பயமா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சொல்லிட்டா உங்க மானந்தான் போவும். சொல்லலன்னா அவரு வேலயே போயிரும்."

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். கை சும்மா இருக்க மாட்டாமல் செய்தது. நாலாம் நம்பர் பிரஸ்ஸின் ஷிஃப்ட் நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஆபரேட்டர்கள் குறை எழுதுவார்கள், மேனேஜர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

முனிரத்தினத்தின் கோணல் எழுத்தில் ஒன்பது இடத்தில் ஒரே வரி: 'ஆயில் ஜில்லுன்னு இருக்குது. சென்சார் சூடுன்னு சொல்லி மிஷின் நிக்குது. சென்சார் மாத்தவும்.' ஒன்பதுக்குக் கீழேயும் 'பார்த்தேன்' என்று என் கையெழுத்து. நான் ஒன்றையும் பார்த்ததில்லை. மெஷின் நின்ற நாளில் எல்லாம், உற்பத்தி ஏன் குறைந்தது என்று அவரை நிற்க வைத்துக் கத்தியது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது.

விசாரணை

பர்சனல் மேனேஜர் பெங்களூர்க்காரர். கன்னடம் கலந்த தமிழ். கையில் எப்போதும் திறந்த பேனா. மேஜையின் நடுவில் கவரில் அந்த அரிசி ரெசிஸ்டர். என் காலடியில் சாப்பாட்டுப் பை. தயிர்சாத டப்பாவுக்குக் கீழே கறுப்புப் பெட்டி. அதை ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் வைக்கவும் பயமாக இருந்தது.

என் வாக்கியத்தை நானே படிக்க வேண்டியிருந்தது. 'அன்னியப் பொருளை' என்ற இடத்தில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்தேன். 'தெரிந்தே பொய்' என்ற இடத்தில் மறுபடியும் குடித்தேன்.

"நீவு ஏதாவது சொல்லணுமா?" என்று முனிரத்தினத்திடம் கேட்டார் பர்சனல் மேனேஜர்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரை மறுபடி எடுத்தேன், காலி.

"நான் செஞ்சது தப்புதான் சார். அத இல்லன்னு சொல்லல. ஆனா அந்த சென்சாரு முந்தியே பொய்யி சொல்லிட்டிருந்துச்சு. நான் அதுக்கு எதுர்ப் பொய்யி சொன்னன். அவ்ளோதான்."

அதோடு நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லே வரவில்லை.

"சென்சார் கெட்டதுக்கு ஆதாரா இதியா, இருக்குதா?" என்று பேனா என் பக்கம் திரும்பியது.

இல்லை என்று சொன்னால் முடிந்தது. நோட்டு என் பீரோவில்தான் இருந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அது பீரோவில் இல்லை. என் கக்கத்தில் இருந்தது. மேஜையில் வைத்து ஒன்பது பக்கத்தையும் திறந்து காட்டினேன். ஒன்பது 'பார்த்தேன்'.

"பார்த்திருக்கிறீங்க?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். பாக்கல."

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரெசிஸ்டரைப் பார்த்தார். சென்சாரை உடனே மாற்றச் சொன்னார். முனிரத்தினத்துக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, வேலை இருக்கும் என்றார். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும் என்றார். முனிரத்தினம் கண்ணை மூடித் திறந்தார். அப்போதுதான் கவனித்தேன், உள்ளே வந்ததிலிருந்து அவர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்தே உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் வெளியே எடுத்து மேஜையில் வைத்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். குனிந்து பையைத் திறந்தேன். தயிர்சாதத்தை ஒதுக்கினேன்.

"சார், இன்னொரு விஷயம். ஞாயித்துக்கிழமை பாகலூர்ல..."

"சாலு சார்" என்றார் முனிரத்தினம்.

மெதுவாகத்தான் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பர்சனல் மேனேஜருக்கு அது அவர் மொழியில் கேட்டிருக்க வேண்டும். 'சரி, ஆரம்பி' என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, புதுப் பக்கம் திருப்பி, பேனாவோடு என்னைப் பார்த்துக் காத்திருந்தார்.

லேஅவுட் சாலையில் அந்தச் சொல்லை என் கால் கன்னடத்தில் கேட்டது. இப்போது என் வாய் அதைத் தெலுங்கில் கேட்டது.

"ஒண்ணுமில்ல சார்" என்று பையின் ஜிப்பை மூடினேன்.

முனிரத்தினத்தை இப்போதும் தினமும் பார்க்கிறேன். நாலாம் நம்பர் பிரஸ் ஓடுகிறது, ஆயில் சூடானால் நிற்கிறது. அன்றைக்கு அவர் எந்த மொழியில் சொன்னார் என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடுவார்.